இளிக்காமல் படுத்தவன்

சிரிப்பைச் சொல்லத் தமிழில் வார்த்தைக்குப் பஞ்சம் இல்லை. புன்னகைத்தான், முறுவலித்தான், நகைத்தான் என்று புத்தகத்தில் வரிசையாக நிற்கும். செஞ்சிக் கடைத்தெருவில் இவற்றில் ஒன்றும் செலவாகாது. அங்கே செலவாவது இளிப்புதான். வாய் காதுவரைக்கும் போக வேண்டும், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஈறோடு தெரிய வேண்டும், கண்ணுக்கு மட்டும் அதில் பங்கு இருக்கக் கூடாது. அதுதான் இளிப்பு. சிரிக்கிறவனைப் பார்த்தால் நமக்கும் சிரிக்கத் தோன்றும். இளிக்கிறவனைப் பார்த்தால் கை தானாக எதையாவது தேடும்.

இளிப்பதற்கு மனிதராகப் பிறந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அடி பிய்ந்த செருப்பு இளிக்கும். சாயம் போன சேலை இளிக்கும். கவரிங் வளையல் தீபாவளிக்கு வாங்கினால் பொங்கலுக்குள் இளித்துவிடும். கொத்தனார் கரணையைக் கழுவி வைப்பதற்குள் இளிக்கிற சுவர்களும் எங்கள் ஊரில் உண்டு. மழை பொய்த்த வருஷம் ஏரியே இளித்துக்கொண்டு கிடக்கும். உள்ளே இருக்க வேண்டியது வெளியே வந்துவிட்டது, அதுதான் அத்தனை இளிப்புக்கும் பொருள்.

இந்த வார்த்தையைத் தன் சொந்தச் சொத்துபோல வைத்திருந்தவன் தனகோட்டி. திண்டிவனம் போகிற ரோட்டில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தான். நீண்ட கழுத்து, ஒல்லி உடம்பு, கையில் எப்போதும் ரப்பர் சொல்யூஷன் வாசனை. “இன்னாடா இளிக்கிற” என்று செஞ்சியில் யார் யாரைக் கேட்டாலும் அவன்தான் திரும்பிப் பார்ப்பான்.

பிறந்தபோது மருத்துவச்சி காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி முதுகில் ஒன்று வைத்தாளாம். அழ வேண்டிய பிள்ளை இளித்ததாம். பல்லே இல்லாத வாய் எப்படி இளிக்கும் என்று கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பிரம்பை எடுத்தால் இளிப்பான். “ஏண்டா இளிக்கிற” என்று இன்னொரு அடி விழும். அடி ஏற ஏற வாய் அகலும். கடைசியில் வாத்தியார் கை ஓய்ந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்பார், பையன் கன்னத்தில் கண்ணீர் ஓட இளித்துக்கொண்டே நிற்பான். அந்தக் கண்ணீரை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. பல்தான் எல்லாருக்கும் தெரிந்தது.

உண்மையில் சிரிப்பு வந்தால் அவன் வாயை இறுக மூடிக்கொள்வான், தோள் மட்டும் குலுங்கும். பல் வெளியே வந்தால் உள்ளே பயம், இல்லாவிட்டால் துக்கம். இது இத்தனை சுலபமாக இருந்ததால்தான் ஊரில் ஒருவருக்கும் புரியவில்லை. அவனுக்கே எடுத்துச் சொல்லத் தெரியவில்லை.

புரிந்துகொண்டவர் ஒருத்தர் இருந்தார், மாமனார் கோவிந்தசாமி. வல்லத்தில் நிலக்கடலை போடுகிறவர். சந்தை நாளில் செஞ்சிக்கு வந்தால் சைக்கிள் கடைப் பெஞ்சில் வந்து உட்காருவார். ஆளுக்கொரு பொட்டலம் வறுத்த பட்டாணி. மாமனாரும் மருமகனும் பேசிக்கொள்ள மாட்டார்கள். பட்டாணி தீர்ந்ததும் மாமனார் துண்டை உதறிக்கொண்டு கிளம்பிவிடுவார். அவர் மட்டும் ஒருநாளும் “ஏன் இளிக்கிற” என்று கேட்டதில்லை.

அந்த மனுஷர் ஒரு தை மாதத்தில், கடலைக் கொடி பிடுங்கிக்கொண்டிருந்தவர், கொல்லையிலேயே சாய்ந்துவிட்டார்.

வல்லமே கூடியிருந்தது. வாய்க்கரிசி போடும்போது தனகோட்டியின் முறை வந்தது. கையில் அரிசியோடு குனிந்தான். மாமனார் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தான். அவ்வளவுதான், வாய் பிளந்துகொண்டது. அரிசியைப் போட்டுவிட்டு நிமிர்ந்தவன் முகத்தில் முப்பத்திரண்டு பல்லும் வெயிலில் மின்னின. அவன் பெண்டாட்டி மீனம்பாள் அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். அவள் பார்த்தாள். அவள் அம்மா கமலாம்பாள் பார்த்தாள். பந்தலுக்கு வெளியே கட்டியிருந்த மாடுகூடப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது என்று வல்லத்துக்காரர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

காரியம் முடிகிறவரை என்று தங்கின மீனம்பாள் அதற்கப்புறம் திரும்பி வரவில்லை.

தனகோட்டி சைக்கிளை மிதித்துக்கொண்டு வல்லத்துக்குப் போனான், ஒருதரம் இல்லை, பல தரம். ஒவ்வொரு தடவையும் வாசலில் மாமியாரைக் கண்டதும் வாய் காதுக்குப் போய்விடும். துக்க வீட்டு வாசலில் இளித்துக்கொண்டு நிற்கிற மருமகனை எந்த மாமியார் உள்ளே கூப்பிடுவாள்? கதவு சாத்தப்படும். திரும்பி வந்து கடையில் சும்மா நிற்கிற சைக்கிளுக்கெல்லாம் காற்றடிப்பான். டயர் கல்லாகிவிட்ட பிறகும் அடிப்பான். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கிறவர்கள் ட்யூப் வெடிக்கிற சத்தத்தைக் கேட்டே அவன் வல்லம் போய் வந்திருக்கிறான் என்று தெரிந்துகொள்வார்கள்.

கடைசியில் கோயில் தர்மகர்த்தா இளையபெருமாள் தூது போனார். நல்ல மனுஷர். எதைச் சொல்வதற்கு முன்னாலும் தொண்டையைச் செருமிக்கொள்வார், செருமி முடிப்பதற்குள் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். கமலாம்பாள் போகவில்லை. கேட்டுக்கொண்டாள். மீனம்பாள் ஓரமாக உட்கார்ந்து கடலை புடைத்துக்கொண்டிருந்தாள்.

“பொணத்துக்கு முன்னால வாய மூடத் தெரியாத ஆளு வூட்டுக்கு எம் பொண்ண எப்படிய்யா அனுப்பறது?” என்றாள் கமலாம்பாள். “ஒங்க ஊரு படுகளத்துல அவரு வூட்டு ஆளுதான படுக்கணும்? அவரு படுக்கட்டும். ஊரு பாக்க ஒரு பொணமா படுத்துக் காட்டட்டும், பல்லு தெரியாம. அப்பறம் நானே கூட்டியாந்து வுடறேன்.”

முறத்தைத் தட்டுகிற சத்தம் நின்றது. இளையபெருமாள் அதைக் கவனித்துக்கொண்டார்.

கமலாம்பாள் ஆழம் தெரிந்துதான் பேசினாள். எங்கள் அம்மன் கோயிலில் சித்திரையில் தீமிதி. தீ மிதிக்கிற அன்று காலையில் படுகளம். களிமண்ணால் யானை நீளத்துக்கு ஒரு ராஜாவைச் செய்து தரையில் படுக்க வைப்பார்கள். பக்கத்தில், சண்டையில் செத்துப்போன அம்மன் பிள்ளைகளாக ஐந்து ஆண்கள் மஞ்சள் வேட்டியைக் கழுத்துவரை போர்த்திக்கொண்டு பிணமாகப் படுப்பார்கள். பெண்கள் தலையை விரித்துப்போட்டு ஒப்பாரி வைப்பார்கள். பிறகு பூசாரி வேப்பிலையால் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார், பிணங்கள் உயிர்பெற்று எழுந்து ஓடும். இந்த வீட்டுக்கு இந்த இடம் என்று முறை உண்டு. ஒரு இடம் தனகோட்டி வீட்டுக்கு. அவன் நைனா இருந்தவரைக்கும் அவர் படுத்தார். அவர் போனபிறகு சித்தப்பா படுத்தார். தனகோட்டியை யாரும் கேட்டதே இல்லை. பிணம் இளித்தால் அந்த வருஷம் மழை கிடையாது. அறுபத்தைந்து, அறுபத்தாறாம் வருஷங்களில் மழை இருந்த லட்சணத்துக்கு யார் அந்தப் பரீட்சைக்குத் துணிவார்கள்?

ஆனால் அந்த வருஷம் சித்தப்பாவுக்கு இடுப்பில் வாயு பிடித்துக்கொண்டது. குப்புறப் படுப்பார், ஒருக்களித்துப் படுப்பார், மல்லாக்கப் படுக்க மட்டும் முடியாது. குப்புறப் படுத்த பிணம் சாஸ்திரத்தில் இல்லை. இளையபெருமாள் ஒரு நாள் முழுக்கத் தொண்டையைச் செருமிவிட்டுத் தனகோட்டி பேரைச் சொன்னார்.

அன்றைக்குத் தொடங்கியது ஓட்டம். வாயைச் சுருக்கப் படிகாரம் தடவிக்கொள் என்றார் ஒருத்தர். தடவினான், நாக்கு மரத்துப்போய்ப் பேச்சு குழறியது, இளிப்பு அப்படியே இருந்தது. கூத்தாட வந்திருந்த ஜமாவின் வாத்தியார் ஒட்டுமீசை ஒட்டுகிற பசையை உதட்டுக்குக் கொடுத்தார். ஒட்டிக்கொண்டான். உதடு பூரி மாதிரி உப்பி, இளிக்காத நேரத்திலும் இளிக்கிறவன்போல ஆகிவிட்டான். செத்தவனுக்குக் கட்டுகிற வாய்க்கட்டைக் கட்டிவிட்டால் தீர்ந்தது என்று ஒரு யோசனை வந்தது. சண்டையில் செத்தவனுக்கு யார் வந்து வாய்க்கட்டு கட்டினார்கள் என்று பூசாரி கேட்டுவிட்டார்.

பழகிப் பார்க்கலாம் என்று செட்டிக்குளத்து மண்டபத்தில் ஒரு மத்தியானம் போய்ப் போர்த்திக்கொண்டு படுத்தான். ஆடு மேய்க்கிற பெண்பிள்ளை ஒருத்தி தண்ணீருக்கு இறங்கியவள், பிணம் கிடக்கிறதென்று கிட்டே வந்து பார்த்தாள். காலடிச் சத்தத்தில் அவன் பயந்தான். பயந்தானா, பிணம் இளித்தது. அவள் ஓடிய வேகத்தில் ஆடுகள் பின்தங்கிவிட்டன. சாயங்காலத்துக்குள் செட்டிக்குளத்தில் இளிச்ச பேய் என்று செய்தி மேல்மலையனூர் பஸ்ஸில் ஏறிவிட்டது. இளையபெருமாள் வியர்க்க விறுவிறுக்கக் கடைக்கு ஓடிவந்தார். இப்போதே சொல்லிவிடு, முடியாதென்றால் அந்த இடத்தைக் காலியாகவே விட்டுவிடலாம் என்று கெஞ்சினார்.

தனகோட்டி காற்றடிக்கிற பம்பைக் கீழே வைக்கவில்லை. “மீனா வரணும்” என்றான். அடித்துக்கொண்டிருந்த ட்யூப் வெடித்தது.

படுகளத்தன்று காலையிலேயே வெயில் உச்சியில் ஏறிவிட்டது. சோறு இறங்காமல், ஓரிடத்தில் நிற்க முடியாமல், கோயிலைச் சுற்றிச் சுற்றி வந்தவனைப் பிடித்துத்தான் படுக்க வைத்தார்கள். ஐந்து பேரில் கடைசி இடம். கூட்டம் நெருக்கித் தள்ளியது. மண் ராஜாவைப் பார்க்க வந்த கூட்டம் இல்லை அது, தனகோட்டி வாயைப் பார்க்க வந்தது. புளியமரத்தில் ஆள், மதில்மேல் ஆள். பெண்கள் பக்கத்தில் மீனம்பாள் முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றாள். கமலாம்பாள் நேராக வந்து அவன் தலைமாட்டிலேயே உட்கார்ந்துகொண்டாள், அடுப்பில் பாலை வைத்தவள்போலக் கண்ணை எடுக்காமல்.

முதலில் ஒரு ஈ வந்தது. மேலுதட்டில் உட்கார்ந்து மூக்குவரை போய்த் திரும்பியது. உதடு அசையவில்லை. ராஜகிரி மலையிலிருந்து இறங்கி வந்த கிழட்டுக் குரங்கு ஒன்று, பிரசாதத் தட்டைத் தேடிக்கொண்டு வரிசையாகப் பிணங்களைத் தாண்டி வந்து, இவன் முகத்துக்கு நேரே தன் பல்லைக் காட்டிவிட்டுப் போனது. அப்போதும் அசையவில்லை. கமலாம்பாளுக்கே முகம் மாறியது. எப்படியடா முடிந்தது என்று பிற்பாடு கேட்டோம். கண்ணை மூடினதும் கடையில் இருக்கிற தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொண்டானாம். காற்றடித்த ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் குமிழி எங்கே வருகிறதென்று தேடினானாம். வரவே வராத குமிழி. தேடிக்கொண்டே இருந்தானாம்.

பிறகு ஒப்பாரி தொடங்கியது. படுகளத்து ஒப்பாரி அம்மன் பிள்ளைகளுக்கு என்று பேர். அழுகிறவர்கள் அவரவர் வீட்டில் செத்தவர்களுக்குத்தான் அழுவார்கள். ஒருத்தி புருஷனுக்கு, ஒருத்தி பிள்ளைக்கு. அந்தச் சத்தத்துக்கு நடுவில் வல்லத்துக் குரல் ஒன்று எழுந்தது. “பட்டாணிய மடியில கட்டிப் போனியே எப்பா” என்று.

மீனம்பாள்தான். தண்ணீர்த் தொட்டி காணாமல் போனது. தனகோட்டிக்குக் கடைப் பெஞ்சு தெரிந்தது, துண்டை உதறிக்கொண்டு எழுந்திருக்கிற மாமனார் தெரிந்தார். இளிப்பு கிளம்பிக் கன்னத்தைப் பிடித்து இழுத்தது. பல்லோடு பல்லைக் கடித்தான். மூச்சைப் பிடித்தான். உதட்டை உள்ளே இழுத்துக் கவ்விக்கொண்டான். விட்டால் போச்சு, மீனா போச்சு.

பூசாரி மஞ்சள் தண்ணீரோடு வந்தார். முதல் பிணம் எழுந்தது. இரண்டு, மூன்று, நான்கு. கூட்டம் ஓவென்று கத்தியது. தனகோட்டிமேல் தெளித்தார். அவன் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் கவ்விய உதடு விட்டுப்போகும் என்ற பயம். இன்னொரு தடவை தெளித்தார். பிறகு குடத்தோடு ஊற்றினார். ஆள் கட்டைபோலக் கிடந்தான்.

பம்பை மேளம் நின்றது. உடுக்கை நின்றது. எழுந்திருக்காத பிணத்தைப் பற்றிச் சாஸ்திரத்தில் ஒரு வரிகூடக் கிடையாது. இளையபெருமாள் செருமவும் மறந்து நின்றார். நாலாபக்கமும் கூட்டம் அலைமோதியது, முன்னால் இருந்தவர்கள் பின்னால் போகப் பார்த்தார்கள், பின்னால் இருந்தவர்கள் முன்னால் வரப் பார்த்தார்கள்.

கிட்டத்தில் இருந்தவள் கமலாம்பாள். அவன் மூக்கடியில் விரலை வைத்தாள். மூச்சு இல்லை. பிணமாகப் படுத்துக் காட்டட்டும் என்று சொன்ன வாய் அவளுடையது. சொன்னது பலித்துவிட்டது. தாலியறுத்து நாலு மாதம்கூட ஆகாத வீட்டில் இன்னொரு தாலி. அவள் ஜனங்களைப் பார்த்துத் திரும்பினாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். உதடு இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டு போனது. வெற்றிலைக் காவி ஏறிய பல் மேலும் கீழும் ஈறோடு தெரிந்தது. கண் பிதுங்கிக்கொண்டிருந்தது, கண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

மீனம்பாள் விரித்த தலையோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். அசையாமல் கிடக்கிற புருஷனைப் பார்த்தாள். அவன் தலைமாட்டில் அம்மாவைப் பார்த்தாள்.

“எம்மா, நீ எதுக்கு இளிக்கிற?”

“நானு எங்கடி இளிச்சேன்” என்றாள் கமலாம்பாள், இளித்துக்கொண்டே. கையால் வாயைத் தொட்டுப் பார்த்தாள். பல் கையில் பட்டது. விரலால் உதட்டைச் சேர்த்துப் பிடித்து அமுக்கினாள். விட்டதும் பழையபடி விரிந்துகொண்டது. இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மீனம்பாள் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு புளியம்பழம் விழுந்தால்கூடக் கேட்டிருக்கும், விழவில்லை. பிறகு அவள் மண்டியிட்டு, புருஷன் உள்ளே கவ்வியிருந்த உதட்டைப் பார்த்துவிட்டு, அவன் காதுக்கிட்டே குனிந்தாள்.

“எந்திரிய்யா. இளிச்சிக்கினே எந்திரி. பரவால்ல.”

அவன் மூச்சு விட்டான். உதடும் விட்டுப்போனது. மஞ்சள் தண்ணீர் சொட்டச் சொட்ட எழுந்து உட்கார்ந்து அவன் இளித்த இளிப்பு இருக்கிறதே, எங்கள் கோட்டையின் கிருஷ்ணகிரி மலைமேல் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்த வெளியூர்க்காரர்கள் கண் கூசிக் கையை வைத்துக்கொண்டார்கள் என்று நான் சொன்னால் நம்ப வேண்டாம். பக்கத்தில் இருந்த எங்களுக்குக் கூசியது. இந்தத் தடவை அவன் கன்னத்தில் ஓடிய தண்ணீரில் மஞ்சள் இல்லாத தண்ணீரும் இருந்ததை எல்லாரும் பார்த்தார்கள். பம்பைக்காரன் யாரும் சொல்லாமலே அடிக்கத் தொடங்கினான்.

கமலாம்பாளுக்கு ஒரு கோலி சோடா உடைத்துக் கொடுத்தார்கள். உள்ளே போனதும் வாய் இருப்பிடத்துக்கு வந்தது, கூடவே வழக்கும் வந்தது. கடைசியில் இளித்தார்தானே என்றாள். இளையபெருமாள் அன்றைக்கு முதல்முறையாகச் செருமாமல் பேசினார். “பொணமா இருந்த வரைக்கும் இளிக்கலம்மா. உசுரு வந்தப்பறம் அவன் வாயி அவன் பாடு.” ஊர் தலையாட்டியது. மதிலுக்கு மேலே இருந்தவர்கள் ஒரு தீர்ப்பு, மரத்துக்கு மேலே இருந்தவர்கள் இன்னொரு தீர்ப்பு என்று வாதம் நடந்துகொண்டிருந்தது.

மீனம்பாள் தீர்ப்புக்குக் காத்திருக்கவில்லை. அவன் இடுப்புக் கயிற்றில் இருந்த வீட்டுச் சாவியை அவிழ்த்துக்கொண்டு, தலையை முடிந்துகொண்டே நடந்துவிட்டாள். போகிற வழியில் அரிசி இருக்கிறதா என்று மட்டும் திரும்பிக் கேட்டாளாம். இருக்கிறது, பருப்புதான் இல்லை என்றானாம்.

அந்த வருஷம் மழை பெய்ததா என்று கேட்பீர்கள். மருமகனோடு மாமியாரும் இளித்த வருஷம், ஏரிக்கரை உடைத்துக்கொண்டு வெள்ளம் கோட்டைக் கதவைத் தட்டியது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். தூறியது. கடலை முளைக்கிற அளவுக்குத் தூறியது.

அன்றைக்குச் சாயங்காலம் தீமிதி முடிந்து வல்லம் போகிற பஸ் வந்தது. கமலாம்பாளின் கூடையைத் தனகோட்டிதான் தூக்கிக்கொண்டு போனான். மாமியாரோடு தனியாக அவ்வளவு தூரம் நடந்தது அதுதான் முதல். பயத்தில் வாய் பழையபடி போய்விட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்தவளிடம் கூடையை நீட்டிக்கொண்டு இளித்தபடி நின்றான். அவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை.

“சக்கரத்தாண்ட நிக்காதீங்க மாப்ள” என்றாள். “தள்ளி நில்லுங்க. பஸ்ஸு எடுக்கறான்.”